‘எமிலி மாமா’வின் ஞாயிற்றுக்கிழமை
நியூ ஜெர்சியின் சீன வார இறுதிப் பள்ளிகளில் பெற்றோர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஞாயிறு பகல் 12:50. எங்கள் தமிழ்ப் பள்ளி முடிந்து கடைசிக் குழந்தையும் கிளம்பிவிட்டது. நாற்காலிகளைப் பழையபடி வரிசையில் தள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஒளிரும் ஆரஞ்சு மேற்சட்டை, கழுத்தில் அட்டை, கையில் கைபேசி. முடிந்ததா என்று சைகையில் கேட்டுவிட்டு உள்ளே வந்தவர் படம் எடுக்க ஆரம்பித்தார். முதலில் வெள்ளைப் பலகை. அப்புறம் ஆசிரியரின் மேசை, அதன்மேல் இருந்த பென்சில் டப்பா, ஸ்டேப்லர், சன்னலோரத் தொட்டிச்செடி. கடைசியாகப் பின்சுவரில் சாய்ந்து நின்று முழு அறையும் தெரிகிற மாதிரி ஒன்று.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாங்களும் காலையில் அதையேதான் செய்திருந்தோம். அந்த அறை எங்களுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. திங்கட்கிழமை காலை ஓர் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர் வந்து உட்காரும் இடம் அது. வாடகைக்கு வந்தவர்கள் ஒரு பொருளை நகர்த்தியிருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை எங்கள் வகுப்பில் ஒரு பச்சை மார்க்கர் காணாமல் போய், அதற்கு மூன்று மின்னஞ்சல் வந்தது.

அந்தப் பெண் ஆசிரியர் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரும் இல்லை. அன்றைக்கு அவருடைய முறை, அவ்வளவுதான். காலையில் தமிழும் பிற்பகலில் சீனமும் நடக்கிற அந்தக் கட்டடத்தின் நடைவழியில்தான் இந்த ஆய்வுக்கான விஷயங்கள் எனக்குக் கிடைத்தன. எனக்குச் சீன மொழி தெரியாது. பள்ளியின் பெயரையும் பெற்றோரின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். பெயர் இல்லாததால் பெரிய நஷ்டமும் இல்லை. அங்கே பெற்றோருக்குப் பெயரே கிடையாது. குழந்தையின் பெயர் எமிலி என்று வைத்துக்கொண்டால் தாயின் பெயர் ‘எமிலி மாமா’. சீனத்தில் ‘மாமா’ என்றால் அம்மா. வகுப்பின் வீசாட் (சீனர்களின் வாட்ஸ்அப்) குழுவில் அந்தப் பெயரில்தான் அவர் இருப்பார். இது புரியும்வரை, இத்தனை தாய்மாமன்கள் எதற்குப் பள்ளிக்கு வருகிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன்.

பேர்தான் பிள்ளைகளின் பள்ளி. நடத்துவது, காவல் காப்பது, கணக்குப் பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் பெற்றோர். ஆனால் மொழி நிற்கிறதா போகிறதா என்பது இந்த உழைப்பையெல்லாம் வைத்து முடிவாவதில்லை. அது வேறோர் இடத்தில் முடிவாகிறது. அந்த இடைவெளிதான் இங்கே விஷயம்.

தங்கிவிட்டவர்களின் பள்ளி

அமெரிக்காவில் சீனப் பள்ளி பழைய சங்கதி. சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுத்து 1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை அமலில் இருந்தது. அந்தக் காலத்திலேயே சீனர் குடியிருப்புகளில் பள்ளிகள் இருந்தன. நியூ யார்க் மாட் தெருவோடு பிணைந்த நியூ யார்க் சீனப் பள்ளி 1909-இல் தொடங்கியது. சைனாடவுன் பிள்ளைகள் பகலில் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டு, மாலையில் நேராகச் சீனப் பள்ளிக்கு வருவார்கள். அன்றைக்கு அங்கே ஒலித்தது இன்றைய பொதுச் சீனமான மாண்டரின் இல்லை, தென்சீனப் பேச்சான கான்டனீஸ்.

இப்படிப்பட்ட பள்ளிகளை அரசாங்கம் எப்போதும் சும்மா விட்டுவிடவில்லை. ஹவாயில் வேற்றுமொழிப் பள்ளிகளின் ஆசிரியர், பாடநூல், நேரம் எல்லாவற்றுக்கும் கடிவாளம் போட்ட சட்டத்தை ஜப்பானியப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. சீன, கொரியப் பள்ளிகளையும் பிடித்திருந்த சட்டம் அது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று சொல்லி அந்தச் சட்டத்தை நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை வாடகை அறையில் யார் எந்த மொழி கற்றாலும், அதற்குப் பின்னால் இந்த வழக்கும் நிற்கிறது.

புறநகரில் இருப்பது வேறு கதை. 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு தைவானிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவர்கள் வேலை கிடைத்துத் தங்கினார்கள். நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது, மருந்துக் கம்பெனிகள் இருந்தன, ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் இருந்தன. இவர்கள் சைனாடவுனுக்குப் போகவில்லை. நல்ல அரசுப் பள்ளி இருக்கிற ஊராகப் பார்த்து வீடு வாங்கினார்கள். தினசரி மாலைப் பள்ளி வார இறுதிப் பள்ளியாக மாறியது இங்கேதான். வீடுகள் சிதறிக் கிடந்தன, கார் இல்லாமல் எதுவும் நடக்காது. எனவே பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் இரண்டு மணி நேரம் அங்கேயே காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. இந்தக் காத்திருப்பு அற்பமாகத் தோன்றும். ஆனால் பின்னால் வளர்ந்த பாதி விஷயங்கள் அதிலிருந்து முளைத்தவை.

1979-இல் அமெரிக்காவும் பெய்ஜிங்கும் முறைப்படி உறவு தொடங்கிய பிறகு பெருநிலச் சீனாவிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். படித்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியது. அதன் தொடர்ச்சியாக 1992-இல் வந்த சீன மாணவர் பாதுகாப்புச் சட்டத்தால் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பச்சை அட்டை, அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதி, கிடைத்தது. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். வாஷிங்டன் வட்டாரத்தில் ‘ஹோப்’ சீனப் பள்ளி 1993-இல், நியூ ஜெர்சியில் ‘ஹுவாஷியா’ 1995-இல். பள்ளிகளின் இரண்டு தேசியக் கூட்டமைப்புகளும், தைவான் வழி வந்தது ஒன்று, பெருநிலம் வழி வந்தது ஒன்று, ஒரே 1994-இல் பிறந்தன. திரும்பிப் போகிறோம் என்கிற எண்ணம் இருந்தவரை பிள்ளையின் மொழியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, போனால் தானாக வந்துவிடும். தங்கப்போகிறோம் என்று ஆன நாளில்தான் அது பிரச்சினையாகிறது. பச்சை அட்டை வந்த கையோடு பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

டியூட்டி

ஒவ்வொரு குடும்பமும் பருவத்துக்கு ஓரிரு முறை டியூட்டி பார்க்க வேண்டும். அவர்கள் சொல் ‘ஜிபான்’. சேரும்போதே கட்டணத்தோடு ஒரு முன்பணமும் கட்ட வேண்டும். டியூட்டி பார்த்தால் திரும்பக் கிடைக்கும், பார்க்காவிட்டால் பள்ளிக்குப் போய்விடும். பல சீனப் பள்ளிகளில் இதுதான் நடைமுறை. தொகை சின்னதுதான். ஆனால் அதன் வேலை பணம் சம்பந்தப்பட்டது இல்லை. ‘எனக்கு நேரமில்லை, காசை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்கிற பெற்றோரும் உண்டு, அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதும் உண்டு. அந்தப் பேச்சுக்கு அஞ்சியே முக்கால்வாசிப் பேர் வந்துவிடுகிறார்கள்.

டியூட்டி என்றால் என்ன? பிரதான வாசல் தவிர மற்ற கதவுகள் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கழிப்பறைப் பக்கம் ஓடி விளையாடும் பொடிசுகளை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரும் தீனி தின்னாமல் காவல் காப்பது. கடைசியாக, எடுத்த படத்தையும் அறையையும் ஒப்பிட்டு எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைப்பது. மருந்து ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் நடைவழியில் நின்று, ‘ஓடாதே, நட’ என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் சொன்னார். சீனத்தில் சொன்னால் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை என்றார், சிரித்துக்கொண்டே.

டியூட்டிக்கு மேல் ஒரு நிர்வாகம் இருக்கிறது. முதல்வர், துணை முதல்வர், பொருளாளர், பெற்றோர் சங்கம், இவர்களுக்கு மேல் ஒரு நிர்வாகக் குழு. பெரும்பாலும் எல்லாரும் பெற்றோர், சம்பளம் இல்லாதவர்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் ஒரு சிறு தொகை. அவர்களிலும் பலர் பெற்றோரே. தன் பிள்ளையைச் சேர்க்க வந்து, ‘நீங்களே ஒரு வகுப்பு எடுங்களேன்’ என்று மாட்டிக்கொண்டவர்கள். முதல்வர் பதவிக்கு முறைப்படி தேர்தல் உண்டு. போட்டிதான் இருப்பதில்லை. மாவட்டக் கல்வி நிர்வாகத்திடம் கட்டட அனுமதி, காப்பீட்டுச் சான்றிதழ், கட்டடப் பராமரிப்பாளருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம், பனி கொட்டினால் காலை ஆறு மணிக்கே விடுமுறை அறிவிப்பு என்று தலைவலி நிறைந்த வேலை அது. நம்மூர்க் கோயில் திருவிழாக் கமிட்டி மாதிரிதான். தலைவராக இருக்க ஆள் கிடைக்காது, தலைவரைக் குறை சொல்ல ஊரே வரும்.

குறைகள் பல வகை. எந்த எழுத்து என்பது பழைய சண்டை. பெருநிலச் சீனா 1956-இல் எழுத்துகளை எளிமைப்படுத்தியது. 1958-இல் ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யினைக் கொண்டுவந்தது. தைவானில் மரபு எழுத்து அப்படியே நின்றது. ஒலிக்கு 37 குறிகள் கொண்ட ஜூயின், செல்லமாக ‘போபோமோஃபோ’. இரண்டு பக்கத்து அரசாங்கங்களும் வெளிநாட்டுச் சீனப் பள்ளிகளுக்கென்று பாடநூல்கள் தருகின்றன. பெருநிலம் வழிப் பள்ளிகளில் ரொம்பப் புழக்கத்தில் இருப்பது ஜினான் பல்கலைக்கழகம் தயாரித்த 12 தொகுதி வரிசை. ஆக, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பதே பாதி அரசியல். ஆனால் நடைவழியில் யாரும் அதைப் பேசுவதில்லை. ‘அந்தப் பள்ளி எங்களுக்குத் தூரம்’ என்பார்கள். தூரம் பத்து நிமிடம்தான் கூட இருக்கும்.

ஞாயிறு ராத்திரி

இப்போது கணக்கு ஒன்று. மொழி வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். விடுமுறைகள், பனி எல்லாம் போக ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் 60 மணி நேரம். பத்து ஆண்டு விடாமல் வந்தால் 600. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒரு தூதரக அதிகாரிக்குச் சீனம் கற்பிக்க 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அந்த அதிகாரிக்கு வீட்டில் சீனம் பேச ஆள் இல்லை, இந்தக் குழந்தைக்கு உண்டு. எனவே ஒப்பீடு சரிசமம் இல்லை. ஆனாலும் 600 மணி நேரத்தில் என்ன நடக்காது என்பது தெரிகிறது.

எழுத்துக் கணக்கு இன்னும் கடினம். சீனத் தொடக்கப் பள்ளிக் குழந்தை முதல் இரண்டு வகுப்பு முடிவதற்குள் 1,600 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும், 800-ஐ எழுத வேண்டும். தொடக்கப் பள்ளி முடியும்போது 3,000, அதில் 2,500 எழுத. தினமும் பள்ளி போகிற, தெருவெல்லாம் சீனம் எழுதியிருக்கிற ஊர்க் குழந்தைக்கு வைத்த இலக்கு இது. நம் பிள்ளைகளுக்கு 247 எழுத்து என்று அலுத்துக்கொள்கிறோம். அதில் முக்கால்வாசி உயிரும் மெய்யும் சேர்கிற ஒழுங்கு. அது பிடிபட்டால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். சீனத்தில் எழுத்துக்கூட்ட வழியில்லை. தெரிந்த எழுத்தென்றால் படிக்கலாம். தெரியாததற்கு உள்ளே ஒலிக்கான சிறு குறிப்பு இருக்கலாம், அதை நம்பி வாசித்தால் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

எனவே சுமை வீட்டுக்கு வருகிறது. அதன் பெயர் ‘திங்ஷியே’, அதாவது கேட்டு எழுதுதல், நம் சொல்வதெழுதுதல். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு தொடங்கியதும் போன வாரச் சொற்களில் திங்ஷியே இருக்கும். அதற்கு முன் வீட்டில் ஒத்திகை. முதலில் சொன்ன அந்தத் தாய் ஒருமுறை தன் மகளின் நோட்டைக் காட்டினார். கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளிக்கோட்டில் ஒரு கூட்டல் குறி. எழுத்தின் எந்தப் பகுதி எந்தக் கால்பாகத்தில் விழ வேண்டும் என்பதற்கு அது. ‘நான்’ என்று பொருள்படும் ‘வோ’ எழுத்தில் ஏழு கோடு, அவற்றுக்கு ஒரு வரிசை. ஒரு பக்கம் முழுக்க ‘நான் நான் நான்’ என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். முதல் வரி அழகு. மூன்றாவது வரியில் கோடுகள் சாய்கின்றன. ஐந்தாவது வரியில், எல்லாக் கட்டத்துக்கும் முதல் கோட்டை மட்டும் போட்டு, அப்புறம் எல்லாவற்றுக்கும் இரண்டாவது கோடு என்று தொழிற்சாலை முறைக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்கு அதுதான் கோபம். எனக்கு இம்பொசிஷன் எழுதிய நாள் ஞாபகம் வந்தது. நாங்களும் அப்படித்தான் எழுதினோம்.

‘எப்போது எழுத வைப்பீர்கள்?’ என்று கேட்டேன். ஆசிரியர் தினம் பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். வகுப்பின் வீசாட் குழுவில் பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து தினமும் போட வேண்டும். இவர் வீட்டில் திங்கள் கணிதப் பயிற்சி, செவ்வாய் பியானோ, புதன் நீச்சல். கடைசியில் எல்லாம் சனி ராத்திரிக்கு வந்து நிற்கிறது. அப்பா வாய்விட்டுச் சொல்ல, பிள்ளை எழுத, அழ, அம்மா வந்து அப்பாவைத் திட்ட, பதினொரு மணி. ‘ஞாயிறு ராத்திரிதான் நிம்மதி. அடுத்த திங்ஷியேக்கு ஏழு நாள் இருக்கிறது’ என்றார்.

இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே வீட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். அம்மா சீனத்தில் கேட்கிறார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அம்மா அடுத்த கேள்வியில் தானே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார். திங்ஷியேக்காக ஒதுக்கிய பதினைந்து நிமிடத்தில் மட்டும் சீனம் கட்டாயம். அப்போது சீனம் என்பது திட்டு வாங்குகிற மொழி. சாப்பாடு, கார் பயணம், ‘இன்னைக்கு பள்ளியில் என்ன நடந்தது?’ எல்லாம் ஆங்கிலம். சிறுபான்மை மொழிகளின் தேய்வைப் பற்றி மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-லேயே இதை வலியுறுத்தியிருக்கிறார்: வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை மொழி கைமாறுவதுதான் அடித்தளம், பள்ளி அதற்கு ஈடாகாது. நான் பார்த்த பெற்றோரில் யாருக்கும் இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் டியூட்டிக்கு வருவது எளிதாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்குக் களைத்துப்போன பிள்ளையிடம் சீனத்திலேயே நிற்பது கடினமாக இருக்கிறது. டியூட்டிக்கு நேரம் குறித்திருக்கிறது, முன்பணம் இருக்கிறது, பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு இது எதுவும் கிடையாது.

ஒரு விதிவிலக்கு, பாட்டி தாத்தா. சீனாவிலிருந்து வந்து வருஷத்தில் ஆறு மாதம் தங்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஆறு மாதமும் பிள்ளையின் பேச்சு மளமளவென்று ஏறும். பாட்டி விமானம் ஏறிய மறு மாதம் இறங்கிவிடும். ஆனால் சில பாட்டிகள் பேசுவது ஃபூஜோ பேச்சு, சிலர் ஷாங்காய் பேச்சு. அதற்குப் பள்ளியில் இடமில்லை. பள்ளிக்கு மாண்டரின்தான் சீனம்.

காத்திருப்பவர்கள்

மொழி வகுப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் பண்பாட்டு வகுப்பு: நடனம், தூரிகை எழுத்து, தற்காப்புக் கலை, கயிற்றில் சுழலும் சீன யோயோ, சதுரங்கம். கணிதமும் உண்டு. கணிதம் எந்தப் பண்பாடு என்று கேட்டதற்கு, ‘எங்கள் பண்பாடுதான்’ என்றார் ஓர் அப்பா. பிள்ளைகள் வருவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இந்த மணி நேரமும் நண்பர்களும்தான்.

பெற்றோர் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? உணவுக்கூடத்தில் தாய்மார்களின் நடன வகுப்பு, மூலையில் தாய்சி, உடற்பயிற்சிக் கூடத்தில் பேட்மின்டன். வசந்த விழா நிகழ்ச்சியில் மிக நீளமான, மிக ஆர்வமான உருப்படி தாய்மார்களின் நடனமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பின்வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உணவுக்கூடத்தின் இன்னொரு மேசையில் நடப்பது இதையெல்லாம்விட முக்கியம். எந்த நடுநிலைப் பள்ளியில் கணித முன்னேற்ற வகுப்புக்குத் தேர்வு எப்போது, எந்த ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் நன்றாக எழுதுவார், யார் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு என்ன செய்து போனது. யூசிஎல்ஏ சமூகவியலாளர் மின் ஜோ 2006-இல் சூசன் கிம்முடன் எழுதிய ஆய்வுக் கட்டுரை லாஸ் ஏஞ்சலீஸின் சீன, கொரியத் துணைக் கல்வி அமைப்புகளை எடுத்துக்கொண்டு, இவை மொழிக்கு அப்பால் தகவலும் தொடர்புகளும் கைமாறும் சமூக மூலதனம் என்று காட்டியது. நான் பார்த்ததும் அதைத்தான். கற்க வந்தது பிள்ளை, நிறையக் கற்றுக்கொண்டு போவது பெற்றோர்.

மொழி தெரியாத பெற்றோர்

எல்லாப் பெற்றோரும் சீனர் இல்லை. 1992-இலிருந்து சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குக் கதவைத் திறந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் 80,000-க்கும் மேற்பட்ட சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்தன, பெரும்பாலும் பெண் குழந்தைகள். 2024 செப்டம்பரில் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டதாகச் சீனா அறிவித்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பல வார இறுதிப் பள்ளிகளில் இன்னொரு பிரிவே உருவானது: வீட்டில் சீனம் பேசாதவர்களுக்குச் சீனத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது. சில இடங்களில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே உட்காரும் வகுப்பு.

இந்தத் தாய்மாரை நடைவழியில் சந்தித்திருக்கிறேன். வீட்டில் திங்ஷியே சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியாது, ஆசிரியர் குரலைப் பதிவு செய்து தந்தால் அதைப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றிவிடும் தொனியைத் தப்பாகச் சொல்லிப் பிள்ளையிடம் திருத்தம் வாங்கிக்கொள்கிற ஒரு தாயைப் பார்த்தேன். மகள் அவ்வளவு சந்தோஷமாகத் திருத்தினாள். சீனம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவைத் திருத்துகிற இந்தச் சுகம் சீனத்தில் கிடைப்பதில்லை, அவர்களுக்கு அது ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். மொழி தெரியாதது ஒரு வகையில் நல்லதாகப் போன இடம் இது ஒன்றுதான். அதற்குமேல் அந்தப் பிள்ளைகள் தொடர்வதில்லை. ஓரிரு ஆண்டில் பாதி வகுப்பு காலியாகிவிடும்.

ஆறாம் வகுப்புக்குப் பிறகு

பிள்ளைகள் அதிகம் கழன்றுகொள்வது நடுநிலைப் பள்ளியில். கால்பந்து ஆட்டங்கள் ஞாயிறு பிற்பகலில் வரும், பிள்ளைக்கு வாயும் வந்திருக்கும். ‘நீ சீனப் பள்ளிக்குப் போனாயா?’ என்று அம்மாவைக் கேட்ட பையன் ஒருவன் உண்டு. அவர் போனதெல்லாம் சீனப் பள்ளிதான், வேறென்ன சொல்வது?

இந்த இடத்தில் பெற்றோரின் வாதம் மாறுகிறது. சிறு வயதில் ‘பாட்டியோடு பேச வேண்டாமா?’ என்றவர்கள் இப்போது ‘கல்லூரி’ என்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள் ஏபி. அதில் சீனத் தேர்வு 2007 மேயில் முதன்முதலாக நடந்தது. அதற்கு முன்பிருந்தே கல்லூரிச் சேர்க்கைக்கு இருந்த சாட் பாடத் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. ஏபி மட்டும் மிச்சம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அதை எழுதி முடிக்கும்வரை பிள்ளை தாக்குப்பிடிக்கும். எழுதியதும் பள்ளியிலிருந்து நின்றுவிடும், அல்லது உதவி ஆசிரியராக ஆரஞ்சு மேற்சட்டையின் பக்கம் வந்து சேவை நேரம் சேர்க்கும். தன்னார்வச் சேவைக்கான ஜனாதிபதி விருதுக்கு அந்த மணிக்கணக்கு உதவியது.

எனக்குச் சிரிப்பும் வருத்தமும் வந்த விஷயம் ஒன்று உண்டு. ஏபி சீனம் கணினியில் எழுதும் தேர்வு. மரபு எழுத்தோ எளிய எழுத்தோ, பிள்ளை தேர்ந்துகொள்ளலாம். பின்யினிலோ ஜூயினிலோ ஒலியைத் தட்டினால் திரையில் எழுத்துகள் வரிசையாக வரும், சரியானதைப் பொறுக்கினால் போதும். கையால் ஒரு கோடும் போட வேண்டாம். அப்படியானால் அத்தனை சனி இரவுகள், அந்தக் கட்டம் போட்ட நோட்டுகள், தொழிற்சாலை முறையில் எழுதிய ‘நான் நான் நான்’? ஒரு பொருளாளரிடம் கேட்டேன். எழுதினால்தான் அடையாளம் தெரியும் என்றார். அதில் உண்மை இருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நாங்கள் அப்படித்தான் படித்தோம். வேறு மாதிரிச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தெரியாது’ என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பதிலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

2020 மார்ச்சில் எல்லாம் திரைக்குப் போனபோது முதன்முறையாகப் பெற்றோர் வகுப்பை முழுசாகப் பார்த்தார்கள். கேமராவுக்கு வெளியே நின்று விடை சொல்லிக்கொடுத்தவர்கள் ஏராளம். ஆசிரியர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். டியூட்டி கிடையாது, நடனம் கிடையாது, உணவுக்கூட மேசை கிடையாது. மொழிப் பாடம் மட்டும் மிஞ்சியது, அதைத் தவிர எல்லாம் போயிற்று. கட்டடம் திரும்பத் திறந்தபோது முதலில் வந்து நின்றவர்கள் பேட்மின்டன் அப்பாக்கள் என்று கேள்வி.

கடந்த வசந்தத்தில் அந்த ஆரஞ்சு மேற்சட்டைத் தாயை மறுபடி பார்த்தேன். மகள் கல்லூரிக்குப் போய் ஓர் ஆண்டு ஆகிவிட்டது, வேறு மாநிலம். இவர் இன்னமும் ஞாயிறு தோறும் வருகிறார். நடன வகுப்பு இருக்கிறது, அதோடு புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்கு டியூட்டி எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். குழுவில் இன்னமும் மகளின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

மாலை ஐந்தரைக்கு அறையைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. மகள் அனுப்பிய செய்தி. ‘மறுபடி சந்திப்போம்’ என்று முடித்திருந்தாளாம். அதில் ‘மறுபடி’ என்கிற எழுத்துக்குப் பதில் அதே ஒலியுள்ள, ‘இருக்கிற’ என்று பொருள்படும் வேறோர் எழுத்தைத் தட்டியிருந்தாள். இரண்டும் இரண்டாம் வகுப்புத் திங்ஷியேயில் வந்தவை என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் நீட்டினார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

‘திருத்தி அனுப்பவில்லையா?’ என்று கேட்டேன்.

‘சீனத்தில் எழுதியிருக்கிறாள்’ என்றார். கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொட்டிச்செடியை ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினார்.